நடுவில் இரண்டு நொடி

எங்கள் கடைக்கு இப்போதெல்லாம் சி.டி. கேட்டு வருகிறவர்கள் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் மட்டும்தான். வேலித் தகராறு, குழாயடிச் சண்டை என்று எதையாவது செல்போனில் பிடித்து வைத்திருப்பார்கள். அதை சி.டி.யில் போட்டுக் கொடுத்தால்தான் வக்கீல் வாங்கிக்கொள்வாராம். மற்றபடி ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன். பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைக்குத் திரும்புகிற ரோட்டில் கடை இருப்பதால், கிருத்திகைக்குக் கிருத்திகை செல்போனுக்கு சார்ஜ் போட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சுகிற கூட்டமும் உண்டு. அப்படிப்பட்ட கடையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு டி.ஜே. நிறுத்தாமல் ஓட்டிய பாட்டை சி.டி.யில் எப்படித் தனித்தனியாகப் பிரிப்பது, பிரித்த பிறகும் எப்படி ஒரு இடத்திலும் நிற்காமல் ஓட வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். டான்ஸ் ஆடுவதற்கு இல்லை. என் நைனா பாத்ரூமுக்கு நடந்து போவதற்கு.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். லுங்கித் தறி. இரண்டு தறிக்கு நடுவில் நின்றபடியே ஆயுசைக் கழித்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். அம்மா போன பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. துக்கத்தில் நடுங்குகிறது என்று நினைத்தோம். டாக்டர் நடுக்குவாதம் என்றார். தனியாக விட்டுவைக்க மனசு வரவில்லை, திருத்தணிக்கு என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் காலை ரயிலில் அரக்கோணம் போனால் இருட்டித்தான் திரும்புவார். ஆக, பகலெல்லாம் நைனாவும் நானும்தான், பக்கத்தில் கடையும்.

கையோடு நின்றிருந்தால் சமாளித்திருப்போம். நோய் காலுக்கு இறங்கியது. அது ஒரு வினோதமான நோய். கூடத்தில் ஓரளவு நடப்பார். நிலைப்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் போகாது. அவருடைய கட்டிலுக்கும் கொல்லையில் இருக்கிற பாத்ரூமுக்கும் நடுவில் மூன்று நிலைப்படிகள். அறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, பாத்ரூமுக்கே ஒன்று. நான் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும். உள்ளேயும் நான்தான் நிற்க வேண்டும். பெற்ற மகள் லுங்கியை அவிழ்த்து விடுவதை நைனாவால் தாங்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். அதனால் சிறுநீரில் எரிச்சல், அதற்கு ஒரு மாத்திரை, அந்த மாத்திரையால் மயக்கம். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு நாள் கத்திவிட்டேன்.

"உனக்கு இன்னா நைனா வெக்கம்? நான் உன் பொண்ணுதானே?"

"அதுக்குத்தாம்மா வெக்கம்" என்றார்.

வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் இந்த வழியைச் சொன்னாள். ஒரே சீரான தாளம் காதில் விழுந்தால், அந்தத் தாளத்துக்கு அடி எடுத்து வைத்தால், இந்த நோய்க்காரர்களுக்குக் கால் அவிழுமாம். செல்போனில் ஒரு டிக் டிக் சத்தம் போட்டுக் காட்டினாள். "பல்லி கத்துது, நிறுத்து" என்றார் நைனா. சினிமாப் பாட்டு போட்டோம். ஒரு பாட்டுக்கு ஒரு வேகம். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதற்குள் புல்லாங்குழலும் வயலினும் இழுக்கிற இழுப்பில் கால் மறந்து போய்விடும். இன்டர்நெட்டில் கிடைத்ததையெல்லாம் இறக்கிப் பார்த்தேன். எல்லாம் ஓடுகிறவனுக்கானது, நடக்கிறவருக்கானது இல்லை. போதாததற்கு, ஒரு நாள் பாட்டு நடுவில் எவனோ கடன் வேண்டுமா என்று போன் செய்தான். பாட்டு நின்று ரிங் அடிக்க, நைனா ஒரு காலைத் தூக்கியபடி நிலைப்படியில் ஆடிக்கொண்டு நின்றார். நான் ஓடிப் போய்ப் பிடித்தேன். அந்த ஆளை நான் திட்டிய திட்டில் அவன் அன்றைக்கு வேலையை விட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அதனால்தான் பொதட்டூர்பேட்டை வீட்டிலிருந்து பழைய சி.டி. பிளேயரைக் கொண்டுவந்தேன். யாரும் போன் செய்து அதை நிறுத்த முடியாது. பொத்தான்கள் பெரியவை, விரல் நடுங்கினாலும் முஷ்டியால் அமுக்கலாம். நைனா தானே போட்டுக்கொண்டு தானே நடக்கலாம். யாரையும் கூப்பிட வேண்டாம். அவருக்கு அது போதும், எனக்கும் அது போதும்.

பாட்டு கிடைத்தது கடைக் கம்ப்யூட்டரில். என் தம்பி ஒரு தடவை விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்த பென்டிரைவில் இருந்த மொத்தத்தையும் நான் காப்பி எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒன்று, அவன் ஏதோ கல்யாண வரவேற்பில் வாசித்ததை அப்படியே பதிவு செய்த மிக்ஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல். தமிழ்ப் பாட்டு, தெலுங்குப் பாட்டு, நடுவில் பம்பை, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஒரே அடியில் போய்க்கொண்டிருந்தது. சந்தேகத்தோடுதான் வீட்டில் போட்டேன். ஆரம்பத்தில் சைரனும் கைதட்டலும். பிறகு அடி பிடித்தது. நைனா அறை நிலைப்படியைத் தாண்டினார். நின்று யோசிக்கவே இல்லை, தாண்டிவிட்டார். "இது நல்லா கீதே" என்றார்.

நான் உடனே போய் நிறுத்தினேன். ஏனென்றால் இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் தம்பியின் குரல் வந்திருக்கும்.

தம்பி டி.ஜே. இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், நகரியில். கல்யாணம், பிள்ளையார் ஊர்வலம் என்று இரண்டு பக்கமும் போவான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி சாயங்காலம் அவன் ஒரு வரவேற்பில் வாசித்துக்கொண்டிருந்தான். இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று டாக்டரே சொல்லவில்லை. அம்மா அவன் பேரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனைப் போட்டு அம்மாவின் காதில் வைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். ஆள் உயர ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நிற்கிறவனுக்குப் பையில் அடிக்கிற மணி எப்படிக் கேட்கும்? அது இப்போது புரிகிறது. அன்றைக்கு, ரிங் போகிற சத்தத்தைக் கேட்டபடியே அம்மா போனாள். காலையில் ஓடி வந்து, மொட்டை போட்டு, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். காரியம் முடிந்த அன்று எல்லோர் முன்னாலும் நைனா சொன்னார்: "அவ காதுல உன் கொரலு வியல. இனிமே என் காதுலயும் வியக் கூடாது." அவன் வாசலோடு போனவன்தான். நைனா சொன்னால் சொன்னதுதான். நாலு வருடமாகத் தெருவில் எங்காவது மைக் சத்தம் கேட்டால்கூட ஜன்னலைச் சாத்துவார்.

அந்த மிக்ஸில் தம்பி பாட்டுக்குப் பாட்டு மைக்கில் கத்துகிறான். ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான். "நிக்காத, நிக்காத! வா வா வா, முன்ன வா!" கரகரவென்று, பாதி தூக்கம் கலைந்த மாதிரி ஒரு குரல். பெற்றவருக்கு அடையாளம் தெரியாமல் போகாது. ஆகவே குரலை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். முழு நீளத்தையும் ஒரே பாட்டாகப் போடவும் முடியாது. ஒவ்வொரு தடவை நிறுத்திவிட்டுப் போடும்போதும் மறுபடியும் முதலிலிருந்து சைரன் ஓடும். எந்த எண்ணை அமுக்கினாலும் எடுத்த எடுப்பில் அடி வர வேண்டும். தம்பி கத்துகிற இடங்களில் வெட்டினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஒலி அலையைப் பெரிதாக்கி, அவன் குரல் வருகிற இடங்களையெல்லாம் தேடித் தேடி எடுத்துப் போட்டேன். மீதி இருபதுக்கும் மேல் துண்டுகள். சி.டி.யில் எழுதினேன். ஒவ்வொரு துண்டின் ஆரம்பத்தையும் கடையில் போட்டுக் கேட்டேன், அடி சரியாக இருந்தது. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை மட்டும் கேட்கவில்லை. அதற்குள் யாரோ ஆதார் கார்டை நீட்டிவிட்டார்கள்.

முதல் சில நாட்கள் வீடே மாறிப் போனது. நைனா முஷ்டியால் பொத்தானை அமுக்குவார். அடி பிடிக்கும். சுவரில் ஒரு கை வைத்து, அடிக்கு ஓர் எட்டாக, மூன்று நிலைப்படியையும் தாண்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு துண்டு முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். செம்பு நிறையத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒரு மனுஷன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்படலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்புறம் ஒரு காலை, எழுந்ததே கொஞ்சம் தள்ளாட்டமாக இருந்தது. மெதுவாக வந்தார். நான் அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சமையலறை நிலைப்படிக்கு வரும்போது துண்டு முடிந்தது. பாட்டு நின்றது. வீடு சட்டென்று அமைதியானது. நான் திரும்புவதற்குள் விழுந்த சத்தம். உடனே அடுத்த துண்டு தொடங்கி, பம்பை அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்க, நைனா தரையில் கிடந்தார்.

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போட்டுப் படுக்க வைத்த பிறகு, "கால் ஒட்டிக்கினா அப்படியே நில்லுன்னு சொல்லியிருக்கேனே நைனா, ஏன் வியுந்த?" என்று கேட்டேன்.

"சத்தம் நின்னுச்சேம்மா. நூலு அறுந்துச்சோன்னு திரும்புனேன்" என்றார்.

எனக்குப் புரிந்தது. நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். இத்தனை வருடமும் தறிச் சத்தம் நின்ற நொடியில் அந்தப் பக்கம் திரும்பிப் பழகிய உடம்பு. கால் ஒட்டியிருக்க, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது. திரும்பாமல் சும்மா நின்றிருந்தால் விழுந்திருக்க மாட்டார். கடைக்குப் போய் சி.டி.யை மறுபடி போட்டுக் கேட்டேன். எழுதுகிற சாஃப்ட்வேர் நான் கேட்காமலேயே ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் இரண்டு நொடி மௌனம் வைத்திருந்தது. யாருக்கு அந்த இரண்டு நொடி வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு டயபர். ஒரு கை மாவுக்கட்டில், இன்னொரு கை நடுக்கத்தில். நான்தான் மாற்றுவேன். நைனா கண்ணைத் திறக்க மாட்டார். சாப்பாடும் குறைந்தது, பேச்சும் குறைந்தது. என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்ற வந்தபோது, மாப்பிள்ளை தொடக் கூடாது என்று கட்டுப் போட்ட கையாலேயே தள்ளினார். பிசியோதெரபி பெண் வந்து பார்த்துவிட்டு, இப்படியே படுத்திருந்தால் இருக்கிற நடையும் போய்விடும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அன்று மாலை நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்டியாச்சும் அந்தக் கதவு வரைக்கும் என்னை நடக்க வெச்சிடும்மா. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

மறுநாள் தம்பிக்குப் போன் செய்தேன்.

"இன்னாக்கா, காலையிலயே?"

"ஒரு மிக்ஸை சி.டி.ல தனித்தனியா போடணும். நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது. எப்டி?"

"சி.டி.யா? எந்தக் காலத்துல கீற நீ? யாருக்கு?"

"கஸ்டமருக்கு."

"எந்த மிக்ஸு?"

"உன்னுதுதான்."

சிரித்தான். "என்னுத எவன்க்கா சி.டி.ல கேக்கறான்?"

அந்தச் சிரிப்பில் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். கால், நிலைப்படி, டயபர், மணிக்கட்டு, எல்லாம். பிறகு, "என் வாய்ஸ எடுத்துட்டியா?" என்று கேட்டான்.

"ஆங். பின்ன? கேட்டா அவரு நடப்பாரா?"

"அதாங்க்கா தப்பு. நான் பேசறப்பவும் அடியில பீட்டு ஓடிக்கினேதான் இருக்கும். என்னை எடுத்தா அதுவும் போயிடும். ரெண்டும் ஒண்ணா பதிஞ்சது, பிரிக்க முடியாது."

"அப்ப பேசாம ஒண்ணு புதுசா அடிச்சிக் குடு. இதே வேகத்துல."

"மாட்டேன்" என்றான்.

காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

"என் பாட்டு வேணும், நான் வேணாம். அப்டித்தானே? வாயைக் கட்டிகினு அடிக்க மாட்டேன்க்கா. அம்மா போனப்புறம் ஒரு வருசம் செட்டைத் தொடல நான். தெரியுமா உனக்கு? இன்னிக்கும் போனை மிக்சர் மேலயே வெச்சிக்கினுதான் வாசிக்கறேன். லைட் எரிஞ்சா தெரியும்ல."

எனக்குத் தெரியாது. அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு. ஒருவர் கேட்க மாட்டேன் என்கிறார், இன்னொருவன் பேசாமல் இருக்க மாட்டேன் என்கிறான். நடுவில் டயபர் மாற்றுகிறவள் நான். போனை வைக்கப் போனேன். "வெச்சிடாத, சொல்றதக் கேளு" என்றான். "ஃபைலை வெட்டாத. ஒரு எடத்துலயும் வெட்டாத. முழுசா அப்டியே வெச்சிகினு, எங்கெங்க தனிப் பாட்டா தெரியணுமோ அங்க குறி மட்டும் வை. குறியை சரியா அடி வியற எடத்துல வை. நடுவுல வர்ற கேப்பை சைபர்னு போடு. மொத்தத்தையும் ஒரே மூச்சுல எழுதச் சொல்லு. எம்.பி.3 ஆக்கிடாத, ஒவ்வொண்ணுக்கும் தலையில கொஞ்சம் வெத்து சேத்துரும்."

போனை வைப்பதற்கு முன், "வேற மிக்ஸுலாம் அவருக்கு செட் ஆவலதானே?" என்று கேட்டான். ஆகவில்லை என்றேன். "ஆவாது. அது நம்ம ஊட்டுத் தறி ஓடற வேகம்க்கா. எதை அடிச்சாலும் என் கை அங்கதான் வந்து நிக்கும்." அவன் சொன்னதை நான் அப்படியே நம்பவில்லை. டி.ஜே.க்கள் நிறையப் பேசுவார்கள்.

கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த வேலையைச் செய்தேன். வெட்டவில்லை. குறி மட்டும் வைத்தேன். முதல் தடவை எழுதியதில் ஒரு குறி அடிக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்து, அதை அமுக்கினால் பாட்டு நொண்டியபடி தொடங்கியது. திரும்ப எழுதினேன். இந்தத் தடவை ஆரம்பங்களைக் கேட்கவில்லை. சேருகிற இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிளேயரில் எண் மாறுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. எல்லா இடத்திலும் அடி விடாமல் போனது. எல்லா இடத்திலும் தம்பி இருந்தான்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு காலையில் அதைப் போட்டேன். சொல்லிவிட்டுப் போடலாமா என்று யோசித்தேன். சொன்னால் வேண்டாம் என்பார், டயபரோடு கிடப்பார். சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நடந்தேன். அறையைத் தாண்டினார். கூடம் வந்தது. சமையலறை நிலைப்படியில் கால் வைக்கப் போகும்போது அது வந்தது. "நிக்காத, நிக்காத! வா வா வா, முன்ன வா!"

நைனா நின்றுவிட்டார்.

அடி ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கையையும் அவர் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவர் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது.

"யாரு இது?"

"யாருன்னு உனக்குத் தெரியும் நைனா."

"நிறுத்து."

"நிறுத்துனா நீ வியுவ" என்றேன். "வேணும்னா நிறுத்தறேன். டயபர் போட்டுக்கலாம். சொல்லு."

அவ்வளவு கொடூரமாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் எனக்கும் வேறு வழி தெரியவில்லை. நைனா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு விடுவது பாட்டுக்கு மேல் எனக்குக் கேட்டது. பிறகு கால் எழுந்தது. ஓர் எட்டு, இன்னோர் எட்டு. நிலைப்படி தாண்டி, கொல்லை தாண்டி, உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார், கண்கள் சிவந்திருந்தன.

கட்டிலில் உட்கார்ந்த பிறகு சொன்னார்: "சத்தம் இருக்கட்டும். ஆள் வரக் கூடாது."

அப்படியே நடந்தது. தினமும் காலையிலும் மாலையிலும் என் தம்பியின் குரல் எங்கள் வீட்டுக்குள் நைனாவைக் கூட்டிக்கொண்டு போனது, கூட்டிக்கொண்டு வந்தது. என் தம்பி மட்டும் வரக் கூடாது. ஒரு நாள் அவன் பள்ளிப்பட்டில் ஏதோ நிகழ்ச்சி முடித்துவிட்டு இந்தப் பக்கமாகச் சுற்றி வந்து பைக்கைத் தெருவில் நிறுத்தினான். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலுக்குப் போய், நைனா சொன்னதை அவனிடம் சொன்னேன். மறைக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, பைக்கில் உட்கார்ந்தபடி, உள்ளேயிருந்து வருகிற தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தான். "எவ்ளோ கத்தியிருக்கேன் பாரு" என்றான். அப்புறம் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு நைனாவுக்குச் சோறு போடும்போது தட்டை வேண்டுமென்றே ணங்கென்று வைத்தேன்.

நோய் அதன் பாட்டுக்கு முற்றியது. முன்பு ஒரு துண்டில் போனவருக்கு இப்போது இரண்டு துண்டு, மூன்று துண்டு ஆனது. அதனால் என்ன, அடி விடாமல் ஓடியது, அவரும் விடாமல் நடந்தார். எண்ணைப் பார்த்தால்தான் மாறியது தெரியும்.

இந்த ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் ஊரில் ஆடிக் கிருத்திகை என்றால் தெருவில் எள் போட இடம் இருக்காது. சித்தூர்ப் பக்கமிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் காவடி வந்துகொண்டே இருக்கும். கடையில் கூட்டம் தாங்காது என்றாலும் நைனாவைத் தனியாக விட முடியாமல் அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. காலை பத்து மணி வாக்கில் நைனா எழுந்து பொத்தானை அமுக்கினார். அதே நேரம் எங்கள் தெரு வழியாக ஒரு காவடிக் கூட்டம் பம்பையோடு போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று, வேறொரு வேகத்தில். மலையிலிருந்து ஸ்பீக்கர் வேறு. நான் சத்தத்தை ஏற்றினேன். ஜன்னலைச் சாத்தினேன். எல்லாத் தாளமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வீடு முழுக்க இரைச்சலானது. நைனா சமையலறை நிலைப்படியில் நின்றார். கால் துடித்ததே தவிர எழவில்லை. ஒன்று போய் இன்னொன்று வந்தது. காவடி நிற்கிற நாளா அது?

நாற்காலியைக் கொண்டுவந்து நிலைப்படியிலேயே உட்கார வைத்துவிட்டு பிளேயரை நிறுத்தினேன். "நான் தூக்கிக்கினு போறேன் நைனா" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். டயபர் என்றேன். அதற்கும் ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த இரைச்சலுக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி இருந்தார்.

"அவனைக் கூப்டு" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை.

"சி.டி. கேக்கல. அவனையே கூப்டு."

முதல் மணியிலேயே எடுத்தான். ஒன்றும் விளக்கவில்லை, "வா" என்றேன். நகரியிலிருந்து சாதாரண நாளில் பெரிய தூரம் இல்லை. அன்றைக்கு ரோட்டை மறித்துவிட்டார்கள். பைக்கை எங்கோ போட்டுவிட்டு, காவடிகளுக்கு நடுவில் நடந்தும் ஓடியும் வந்திருக்கிறான். அவன் வருவதற்குள் நைனாவின் லுங்கி நனைந்துவிட்டது. நாற்காலிக்கு அடியில் தரையிலும் ஈரம். நான் மாற்றப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார். அங்கேதான் போவேன், நானே கழுவிக்கொள்வேன் என்று கொல்லையைக் காட்டினார்.

தம்பி உள்ளே வந்தான். சட்டை முழுக்க வியர்வையும் திருநீறும். நைனாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஈரத்தைத் தாண்டி, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் போய் அவருக்கு எதிரே நின்றான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுப்பி நிறுத்தினோம். வெளியே பம்பை அடித்துக்கொண்டிருந்தது. தம்பி நைனாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தன் தொடையில் தட்ட ஆரம்பித்தான். கத்தவில்லை. மைக் இல்லாத அவன் குரலை நானே கேட்டு நாளாகியிருந்தது.

"நிக்காத நைனா. வா. முன்ன வா."

நைனா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். அவன் பின்னால் ஓர் எட்டு வைத்தான். நைனாவின் கால் எழுந்தது. அவன் தட்டத் தட்ட, ஒருவர் முன்னோக்கியும் ஒருவன் பின்னோக்கியுமாக, கொல்லையைத் தாண்டிப் போனார்கள். பாத்ரூம் வாசலில் தம்பி விலகி நின்றான். நைனா உள்ளே போய்க் கதவைத் தானே சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டி, "நான் கிளம்பறேன்க்கா, ஆள் வரக் கூடாதுன்னு சொல்லிகீறாரு" என்று மெதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டு இரண்டு அடி வைத்திருப்பான்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"டேய், போயிடாதடா" என்றார் நைனா கதவுக்கு உள்ளேயிருந்து. "நான் திரும்பி வரணும்."